மேடு பள்ளமான நகர மாரத்தான்: ஓடப் போகிறவர்கள் கேட்பதும் ஓடியவர்கள் சொல்வதும்

சமதரையில் நாலைந்து மாரத்தான் முடித்தவர்கள்கூட, மேடுகள் நிறைந்த நகரத்தில் ஓடப் பெயர் கொடுத்ததும் புதுமுகம் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இதுவரை மேட்டுப் பாதையில் மூன்று முறை ஓடியிருக்கிறேன். முதலாவது சொதப்பல், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது திருப்தி. என்னிடம் கேட்கப்பட்டவை, நான் மற்றவர்களிடம் கேட்டவை, இரண்டும் கலந்து கீழே.

மேடு இருந்தால் என் நேரம் எவ்வளவு கூடும்?

ஒரு தோராயக் கணக்கு உண்டு. 100 மீட்டர் உயரம் ஏறுவதற்குச் செலவாகும் சக்தி, சமதரையில் முக்கால் கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை கூடுதலாக ஓடுவதற்குச் சமம். அதே 100 மீட்டரை இறங்கும்போது அதில் பாதிதான் திரும்பி வரும். ஏறியதை இறங்கினால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

உதாரணமாக, மொத்தம் 350 மீட்டர் ஏறி அதே 350 மீட்டர் இறங்கும் பாதை என்று வைத்துக்கொள்வோம். முக்கால் கிலோமீட்டர் கணக்கில், ஏற்றத்தால் இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உழைப்பு. இறக்கத்தில் அதில் பாதி கழிகிறது. மீதி ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுகிறவருக்குச் சமதரையில் 4 மணி 13 நிமிடம் ஆகும். இங்கே 8 நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். இது காகிதக் கணக்கு. 30 கிலோமீட்டருக்கு மேல் தொடை என்ன சொல்கிறது என்பது காகிதத்துக்குத் தெரியாது. 8 வரும் இடத்தில் நான் 15 என்று எழுதிக்கொள்வேன்.

ஏற்றம்தானே கஷ்டம்? இறக்கத்தில் ஓய்வு கிடைக்குமே?

மூச்சுக்கு ஓய்வு கிடைக்கும். காலுக்குக் கிடைக்காது.

ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை பிரேக் வேலை பார்க்கிறது. சுருங்க முயலும்போதே இழுபட்டு நீள்கிறது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது பெரும்பாலும் இந்த மாதிரி வேலையில்தான். இதில் ஏமாற்று என்னவென்றால், அந்த நேரத்தில் வலிக்காது. இதயத் துடிப்பு இறங்கியிருக்கும், காற்று முகத்தில் அடிக்கும், பறப்பது போல இருக்கும். கடன் வாங்கிச் செலவு செய்கிற சுகம் அது.

என் முதல் மேட்டு மாரத்தானில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே நீளமான இறக்கம். திட்டம் கிலோமீட்டருக்கு 5:50. கடிகாரம் 5:10 காட்டியது. மூச்சு வாங்கவே இல்லை என்பதால் விட்டுவிட்டேன். ஒரு கிலோமீட்டருக்கு 40 வினாடி லாபம் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டும் வந்தேன். 34வது கிலோமீட்டரில் இன்னொரு இறக்கம். மேடு முடிந்தது, இனி பறக்கலாம் என்று காலை நீட்டி வைத்தேன். முட்டிக்கு மேலே தொடை தானாக நடுங்கியது. நின்று, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால், தோலுக்கு அடியில் தசை துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், குறுகக் குறுக அடி வைத்து என்னைக் கடந்து போகும்போது, "படி சின்னதா வை தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பிறகு நான் பிடிக்கவே இல்லை.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் மாரத்தானைவிட இரண்டு மடங்குக்கும் அதிக தூரம். பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் என்ற இரண்டு நகரங்களுக்கு இடையே, வழக்கமாக ஓர் ஆண்டு ஏற்றமாகவும் அடுத்த ஆண்டு இறக்கமாகவும் நடக்கும். இரண்டையும் ஓடியவர்களிடம் கேட்டால், மறுநாள் நடக்க முடியாமல் போனது எப்போது என்பதற்குப் பெரும்பாலும் இறக்க ஆண்டைத்தான் சொல்வார்கள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். மேட்டு மாரத்தானில் ஒரே ஆள் இரண்டுமாக இருக்க வேண்டியிருக்கிறது.

பாதை வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்? மொத்த ஏற்றம் போதாதா?

போதாது. மேடு எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது.

பாஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1897 முதல் நடக்கும் ஓட்டம். ஹாப்கின்டனில் தொடங்கி பாஸ்டன் நகரத்துக்குள் முடியும்போது மொத்தத்தில் ஏறத்தாழ 140 மீட்டர் கீழே இறங்கியிருப்பீர்கள். எண்ணை மட்டும் பார்த்தால் சுலபமான பாதை. உலக சாதனைக்குக்கூட அது ஏற்கப்படாது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, தொடக்கமும் முடிவும் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது என்று விதி. 2011இல் ஜெஃப்ரி முடாய் அங்கே 2:03:02 ஓடினார். அதுவரை எவரும் ஓடாத வேகம். ஆனாலும் உலக சாதனைப் பட்டியலில் அது ஏறவில்லை. அன்று முதுகுப் பக்கமிருந்து நல்ல காற்று வேறு.

அதே பாதையில்தான் எலியுட் கிப்சோகே 2023இல் 2:09:23 ஓடி ஆறாவதாக வந்தார். ஏழு மாதத்துக்கு முன் பெர்லின் சமதரையில் 2:01:09 ஓடி உலக சாதனை படைத்தவர். ஆரம்ப இறக்கங்களில் முன்னால் நின்று வேகம் கொடுத்தார். பாதையின் பின்பாதியில் வரும் நியூட்டன் மேடுகளில் முன்னணிக் கூட்டம் அவரை விட்டுப் போய்விட்டது. ஒரு பந்தயத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் "இறங்குகிற பாதைதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு எண்கள் ஞாபகம் வரும்.

ஏதென்ஸ் வேறு ரகம். மாரத்தான் ஊரில் தொடங்கி 1896 ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கத்தில் முடிகிறது. 10வது கிலோமீட்டர் வாக்கில் தொடங்கும் ஏற்றம் விட்டுவிட்டு 31 வரை போகிறது. செங்குத்தாக எதுவும் இல்லை, ஆனால் முடியவே முடியாதது போல இருக்கும். அதன் பிறகு கடைசி வரை பெரும்பாலும் இறக்கம். 31இல் தொடையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பவருக்கு அது வரம். வைக்காதவருக்கு 11 கிலோமீட்டர் தண்டனை.

27 மீட்டர் மேட்டுக்கா அத்தனை பேச்சு? பாஸ்டன் பாதையின் ஹார்ட்பிரேக் ஹில் (மனமுடைக்கும் மேடு) அப்படி என்ன பெரியது?

பெரியதே இல்லை. சுமார் 600 மீட்டர் நீளத்தில் 27 மீட்டர் உயர்வு, சராசரி நாலரை சதவீதம். காலை ஓட்டத்தில் வந்தால் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். ஆனால் அது நியூட்டனில் வரும் நான்கு மேடுகளில் கடைசி. 32 கிலோமீட்டர் தாண்டி, தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் தீரப் போகிற நேரத்தில் வருகிறது.

பெயர் வந்த கதையும் வேகம் பற்றியதுதான். 1936இல் முந்தைய ஆண்டு வெற்றியாளர் ஜானி கெல்லி, முன்னால் ஓடிக்கொண்டிருந்த எலிசன் பிரவுனை நியூட்டன் மேடுகளில் பிடித்து, கடக்கும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பிரவுனுக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். மறுபடி வேகமெடுத்துப் போய் ஜெயித்தார். கெல்லி ஐந்தாவது. அவர் மனம் அங்கே உடைந்தது என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, மேட்டுக்கு அதுவே பெயராகிவிட்டது. மேட்டில் யாரையும் தட்டிக்கொடுக்காதீர்கள்.

ஏற்றத்தில் எந்த வேகத்தில் ஓடுவது?

வேகம் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். சமதரையில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறது என்றால், ஏற்றத்திலும் குறைந்தது நாலைந்து வார்த்தை பேச முடிய வேண்டும். ஒற்றை வார்த்தைக்கு வந்துவிட்டால் அதிகம் கொடுக்கிறீர்கள். இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: துடிப்பு தாமதமாக ஏறும். மேட்டின் அடியில் "இன்னும் கூடவே இல்லையே" என்று அழுத்தினால், பாதி மேட்டில் மொத்தமாக வந்து நிற்கும்.

பார்வையை மேட்டு உச்சியில் வைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் போதும். இடுப்பை மடக்கிக் குனியாமல், கணுக்காலிலிருந்து லேசாக முன் சாய்வு. கையை வேகமாக வீசினால் காலும் தானாக அந்தத் தாளத்துக்கு வரும். உச்சியைத் தொட்டதும் உடனே வேகமெடுக்காமல் ஒரு நூறு மீட்டர் மூச்சு அடங்க விடுங்கள். பலர் உச்சியோடு மேடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். உடம்புக்கு அது அதற்கப்புறம்தான் முடிகிறது.

மேட்டில் நடந்தால் கேவலமா?

இல்லை. செங்குத்தான மேட்டில், களைத்த நிலையில், விறுவிறுவென்று நடக்கிறவருக்கும் தள்ளாடி ஓடுகிறவருக்கும் நேர வித்தியாசம் சொற்பம். ஆனால் நடப்பதென்று முன்பே முடிவு செய்து நடப்பதும், முடியாமல் போய் நடப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் மறுபடி ஓடத் தொடங்குவது எளிது. ஓரமாக வந்து நடங்கள்; நடுச்சாலையில் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவர் மேலே வந்து விழுவார்.

இறக்கத்தில் எப்படி ஓடுவது?

பெரியவர் சொன்னதுதான்: படி சின்னது. காலை முன்னால் நீட்டிக் குதிகாலில் குத்தி இறங்கினால் ஒவ்வொரு அடியும் பிரேக். பாதம் உடலுக்கு நேர் கீழே விழ வேண்டும். அடிகளின் எண்ணிக்கை கூட வேண்டும். பின்னால் சாயத்தான் தோன்றும், பயத்தில். சாயாதீர்கள். கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் விரித்துக்கொள்ளலாம், அழகாக இருக்காது, சமநிலைக்கு உதவும்.

நகரச் சாலை ஓரங்களில் மழைநீர் வழியச் சாய்வு இருக்கும். இறக்கத்தில் அந்த ஓரத்திலேயே நீண்ட நேரம் ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முட்டியின் வெளிப்பக்கமும் பிடித்துக்கொள்ளும். கூட்டம் விட்டால் சாலை நடுவுக்கு வாருங்கள். ஈரமான வண்ணக் கோடுகள், இரும்பு மூடிகள் இரண்டிலும் கால் வைக்காமல் போவது நல்லது.

நான் இருக்கும் இடத்தில் மேடே இல்லை. எங்கே பயிற்சி எடுப்பது?

மேம்பாலம், வாகன நிறுத்தக் கட்டடங்களின் சரிவுப் பாதை, டிரெட்மில். ஏற்றத்துக்கு இவை போதும். டிரெட்மில்லை 4, 5 சதவீதம் உயர்த்தி 3 நிமிடம் வீதம் ஆறு முறை, இடையில் நிதானம். வாரம் ஒரு முறை. மாடிப்படி ஏறுவது கெண்டைக்காலுக்கும் பிட்டத் தசைக்கும் நல்லது, ஆனால் ஓட்டத்துக்கு மாற்று அல்ல.

இறக்கத்துக்குத்தான் வழி கம்மி. மேம்பாலம் கிடைத்தால் ஏறுவதில் மட்டும் குறியாக இருக்காமல், இறங்குவதையும் பயிற்சியாகவே எண்ணி ஓடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கும் குந்தல், படியிலிருந்து நிதானமாகக் கால் இறக்குவது. இங்கே உடம்பு ஒரு சலுகை தருகிறது: ஒரு முறை இறக்கத்தில் அடிபட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவாகப் புண்படுவதில்லை. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். அதனால் கடைசிப் பெரிய இறக்கப் பயிற்சி பந்தயத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு. ஒரு வாரம் முன்பு வேண்டவே வேண்டாம். புண்பட்ட காலோடு போய் நிற்பீர்கள்.

ஜெல் (ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துப் பசை) எப்போது எடுப்பது?

மேட்டுக்கு முன்னால், மேட்டில் அல்ல. வயிற்றுக்குப் போய் ரத்தத்துக்கு வரச் சில நிமிடம் ஆகும். அதற்குள் மேடு முடிந்திருக்கும். தவிர, மேல்மூச்சு வாங்கும்போது பிசுபிசுவென்று ஒன்றை விழுங்கப் பார்த்துப் புரையேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து பொதுவான அளவு. பழகிய வயிறு அதற்கு மேலும் தாங்கும், பழகாத வயிறு தாங்காது. தாகத்துக்குத் தண்ணீர் போதும். கிடைக்கும் மேசையில் எல்லாம் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்து விழுந்தவர்களும் உண்டு.

கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பலாமா?

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் உளறும். சுரங்கப்பாதைக்குள் ஒன்றும் தெரியாது. வெளியே வந்ததும் ஒரு கிலோமீட்டரை 3 நிமிடத்தில் ஓடியதாகப் பாராட்டும். சாலையோர கிலோமீட்டர் பலகையைப் பார்த்துக் கையால் லேப் பொத்தானை (அந்தக் கிலோமீட்டருக்கான நேரத்தைக் குறிப்பது) அழுத்துவதே சிறந்தது.

முடிவில் கடிகாரம் மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்குப் பதில் 42.6 காட்டினால் பாதை தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். அங்கீகாரம் பெற்ற பாதையை, வளைவுகளின் உள்ளோரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். மேட்டு நகரத்துச் சாலையில் வளைவு அதிகம். கூட்டத்தில் அந்தக் கோட்டில் யாரும் ஓட முடியாது.

பாலமெல்லாம் மேட்டுக் கணக்கில் வருமா?

நியூயார்க்கில் ஓடியவர்களைக் கேளுங்கள். ஐந்து பாலங்கள். தொடக்கமே வெரசானோ பாலம்: முதல் மைல் ஏற்றம், இரண்டாவது இறக்கம், பரபரப்பில் இரண்டுமே தெரியாது. பாதி தாண்டி, 25வது கிலோமீட்டர் வாக்கில் வரும் குயின்ஸ்பரோதான் எல்லோர் வாயிலும் வரும். பார்வையாளர் யாரும் இல்லை. கீழ்த்தளத்தில், தலைக்கு மேல் இரும்புக் கூரை. ஆயிரம் ஜோடிக் கால் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும். அதைத் தாண்டி இறங்கினால் மன்ஹாட்டன் கூட்டத்தின் இரைச்சல் திடீரென்று வந்து மோதும். அந்த உற்சாகத்தில் வேகமெடுத்தவர்கள், கடைசியில் ஃபிஃப்த் அவென்யூவின் நீண்ட ஏற்றத்தில் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

பேஸரோடு (குறிப்பிட்ட நேரத்தில் முடிக்க, கொடி பிடித்துக் கூடவே ஓடி வழிகாட்டுகிறவர்) போகலாமா?

தொடங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எல்லாக் கிலோமீட்டரும் ஒரே நேரமா, இல்லை மேட்டுக்குத் தகுந்த மாதிரியா?" ஒரே நேரம் என்றால் மேட்டில் அவரை விட்டுவிட்டு அடுத்த சமதரையில் பிடித்துக்கொள்ளுங்கள். கொடியைத் துரத்தி மேடேறாதீர்கள்.

ஷூ?

புதியது வேண்டாம். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து விரல் நுனி மோதும். நகம் கறுப்பது அதனால்தான். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிட்டு, லேஸைக் கடைசித் துளை வரை கோத்துக் குதிகாலை இறுக்கினால் பாதி பிரச்சினை தீரும். கார்பன் தகடு வைத்த உயரமான ஷூக்கள் இறக்க வளைவுகளில் ஆடும்; முன்பே அவற்றில் இறங்கிப் பழகியிருந்தால் மட்டும் போடுங்கள்.

"இதுதான் கடைசி மேடு" என்று ஓரத்தில் நிற்பவர்கள் சொன்னால்?

நம்பாதீர்கள். நல்ல மனதோடு சொல்லும் பொய் அது. ஒரே ஓட்டத்தில் மூன்று இடத்தில் மூன்று பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மேடுகள் எந்தெந்தக் கிலோமீட்டரில் என்று மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள். வியர்வையில் பாதி அழியும், மீதியே போதும்.

முதல் மாரத்தானாகவே இதை எடுக்கலாமா?

எடுக்கலாம், நேர இலக்கு வைக்காவிட்டால். ஆனால் கால வரம்பைப் பாருங்கள். அது ஓட்டம் தொடங்க வெடி வெடித்த நேரத்திலிருந்தா, நீங்கள் தொடக்கக் கோட்டைக் கடந்ததிலிருந்தா. நடுவழியிலும் வரம்பு உண்டா என்று விதிகளைப் படியுங்கள். மேடெல்லாம் முன்பாதியில் இருந்து, நடுவழி வரம்பு சமதரை வேகத்தில் போட்டிருந்தால் மெதுவாகப் போகிறவருக்கு அது பெரிய இடி. அப்படியானால் அந்த ஓட்டத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவேன்.

மறுநாள் என்ன ஆகும்?

ஏறுவீர்கள், இறங்க மாட்டீர்கள். வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். அதனால் மறுநாளைவிட மூன்றாம் நாள் மோசமாக இருக்கலாம். நான் ஓடி முடித்த இரண்டாம் நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். எதிரே ஏறி வந்த சிறுவன் எனக்கு வழி விடுவதா, திரும்பி ஓடுவதா என்று தெரியாமல் நின்றான்.

மெல்ல நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். ஓடும்போதோ முடித்த உடனேயோ அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரை வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குச் சுமை. சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனால், தொடை வீங்கிக் கல்லாக இருந்தால், வலிதானே என்று படுத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி ஒரு வாரம் கழித்துச் சமதரையில் மெதுவாக ஓடலாம். முதல் இறக்கத்துக்கு இன்னும் பத்து நாள் பொறுங்கள்.